தொண்டை நோகிறது என்றார் அப்பா

எங்கள் தந்தையாரின் குரலை ஏரிக்கரையில் கேட்டவர்கள் ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். மடை திறக்கும் நாள்களில் கரைமேல் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், கடைமடையில் மண்வெட்டியுடன் காத்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். இடையில் எத்தனை கழனிகள் இருந்தன என்று இப்போது எண்ணிச் சொல்ல வழியில்லை. அவற்றுள் பெரும்பகுதியில் தொழிற்சாலை மதில்களும் கனரக வண்டிகள் நிற்கும் திடல்களும் வந்துவிட்டன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் குறுக்கிடும் அவ்விடத்தில், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கிடையே, பக்கத்தில் நிற்பவரின் பேச்சே காதில் விழுவதில்லை.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். மூத்தவர் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலை பார்க்கிறார். அடுத்தவரான எங்கள் சகோதரி, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மின்னணுப் பொருள் ஆலையொன்றில் பணிபுரிகிறார். இளையவர் சரக்குக் கிடங்கொன்றில் வரவு செலவு எழுதுகிறார். மூவருக்கும் ஷிப்டு வேலை; வாரத்துக்கொரு முறை நேரம் மாறும். இக்கட்டுரையை மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம். இதில் சொல்லப்போகும் தவறும் மூவருக்கும் பொதுவானதே.

தந்தையாருக்கு அறுபத்தாறாம் வயதில் வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. பார்க்கின்சன் நோய் என்றார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் நடுக்குவாதம் என்று சொல்வது இதைத்தான். மாத்திரை கொடுத்தார்கள், நடுக்கம் குறைந்தது. நடையில் ஒரு தயக்கம் வந்தது, சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று, முகத்தில் சிரிப்பு அரிதாயிற்று. இவையெல்லாம் வயதின் கோலம் என்று எண்ணிக்கொண்டோம். இந்நோய் கைக்கும் காலுக்கும் உரியது என்பதே எங்கள் எண்ணம். தொண்டைக்கும் இதற்கும் தொடர்புண்டு என்று யாரேனும் அப்போது சொல்லியிருந்தால் நகைத்திருப்போம்.

ஐந்தாறு ஆண்டுகள் இவ்வாறே சென்றபின் ஒருநாள், "தொண்டை நோவுது" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். புழுதிதான் காரணம் என்று முடிவு செய்தோம். எங்கள் தெருவில் காலையில் துடைத்த திண்ணையின்மேல் மாலையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. உப்புநீரில் கொப்பளிக்கச் செய்தோம். அம்மா சித்தரத்தையும் மிளகும் தட்டிப்போட்டுப் பனங்கற்கண்டுடன் கஷாயம் வைத்தார். நோவு போகவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் குழாய்க் கருவியை மூக்கின் வழியே செலுத்திக் குரல்வளையைப் பார்த்தார். கட்டியில்லை, புண்ணில்லை, ஒன்றுமில்லை என்றார்.

அம்மருத்துவர்மேல் எங்களுக்குக் குறையேதுமில்லை. நாள்பட்ட தொண்டை நோவுக்கு முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வதே முறை. அதை அவர் செய்தார். பிழை எங்களுடையது. "கண்ணுக்குத் தெரிய ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னதை, "நோவே இல்லை" என்று நாங்கள் பொருள் செய்துகொண்டோம். அன்றிலிருந்து தந்தையார் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், எங்கள் முகத்தில் ஒரு சலிப்பு தோன்றலாயிற்று. நிலம் போன வருத்தத்தை இப்படிக் காட்டுகிறார் என்று எங்களுள் ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைத்தோம்.

சோற்றை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருப்பார். ஷிப்டுக்குப் புறப்படும் அவசரத்தில், "விழுங்குங்கப்பா, நேரமாவுது" என்போம். வாயோரம் எச்சில் வழியும். துண்டை நீட்டுவோம், சற்று முகம் சுளித்தபடி. அவர் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. "கொஞ்சம் சத்தமாப் பேசுங்களேன்" என்றால், "சத்தமாத்தானே பேசுறேன்" என்று வியப்போடு பார்ப்பார். அதை வீம்பு என்று நினைத்தோம். ஒருநாள் எங்களுள் ஒருவர், "உங்களுக்குத் தொண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டார். எங்கள ஏன் இப்படிப் பாடாப் படுத்துறீங்க?" என்று கேட்டுவிட்டார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. அதன்பின் ஒரு மாதம் அவர் தொண்டை நோவைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. நோவு தீர்ந்தது என்று மகிழ்ந்தோம் நாங்கள்! அம்மா மட்டும், "அவரு ராத்திரியில கழுத்தப் புடிச்சிக்கினு குந்தியிருக்காரு" என்றார். அதையும் நாங்கள் காதில் வாங்கவில்லை.

பின்னர் ஓரிரவு அவருக்கு வாந்தி கண்டது. அருகிலிருந்த சிறு மருத்துவமனையொன்றில் வாந்தியை நிறுத்த ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது, ஆனால் மறுநாள் அவர் உடல் மரக்கட்டை போலாயிற்று. கழுத்து விறைத்தது. வாயில் விட்ட தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது; கொஞ்சம் இறங்கியதும் இருமலாக வெளிவந்தது. அன்றுதான் எங்களுக்கு அச்சம் பிறந்தது. வண்டி பிடித்துச் சென்னைக்குக் கொண்டுசென்றோம்.

நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது அந்த ஊசியின் பெயரைத்தான். சீட்டைக் காட்டினோம். மெட்டோக்ளோப்ரமைடு என்றிருந்தது. மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைவதால் வருவது பார்க்கின்சன் நோய். அந்த டோபமின் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடுவது இம்மருந்து. ஆகவே இந்நோயாளிகளுக்கு இது ஆகாது. வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் வழக்கமாகத் தரப்படும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், புளூனரிசின் முதலியவையும் இவ்வகையில் தீங்கு செய்யக்கூடியவை. வாந்திக்கு மருந்து தந்தே ஆகவேண்டுமெனில் டோம்பெரிடோன் போன்ற வேறொன்றை, இதயத்தின் நிலையைப் பார்த்து, மருத்துவர் தேர்ந்துகொள்வார். நோயில்லாத இளவயதினருக்குங்கூட மெட்டோக்ளோப்ரமைடு சில வேளைகளில் கழுத்தைத் திருகி, தாடையை இறுக்கி, தொண்டையை அடைப்பதுண்டாம். வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் இப்பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவருடைய சட்டைப்பையிலேயே வைத்துவிடுவது நல்லது. நாங்கள் அன்றே எழுதினோம். ஊசி போட்டவர்கள் நோயைப் பற்றிக் கேட்கவில்லை என்பது உண்மை; நாங்களும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

இரண்டு நாளில் விறைப்பு தளர்ந்தது. அப்போது எங்கள் சகோதரி தயங்கித் தயங்கி, தொண்டை நோவைப் பற்றிய பழைய வழக்கையும் எடுத்துச் சொன்னார். மருத்துவர் எங்களைப் பார்த்து, "எந்நேரத்தில் நோகிறது?" என்று கேட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றரை ஆண்டு காலமாக நோகிறது என்று ஒருவர் சொல்ல, எந்நேரத்தில் என்று ஒருநாளும் கேட்காத பிள்ளைகள் நாங்கள்! மாத்திரை விழுங்கும் நேரத்தையும் நோவு வரும் நேரத்தையும் இரண்டு வாரம் குறித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

குறித்தவர் அம்மா. அவருக்கு எழுத்து அதிகம் வராது. சுவரில் தொங்கும் நாள்காட்டியின் கிழித்த தாள்களை எடுத்து, பின்புறத்தில் மாத்திரைக்கு ஒரு புள்ளி, நோவுக்கு ஒரு கோடு, பக்கத்தில் கடிகாரமுள் போல ஒரு படம் என்று வரைந்து வைத்தார். பதினான்கு தாள்களை வரிசையாகப் பரப்பியபோது, மருத்துவர் விளக்குமுன்பே எங்களுக்கு விளங்கிவிட்டது. கோடுகள் எல்லாம் மாத்திரைக்கு முந்திய ஒரு மணிநேரத்தில்தான் குவிந்திருந்தன. அதிலும் முதல் வாரத்தைக் காட்டிலும் இரண்டாம் வாரத்தில் கோடுகள் மிகுதி. முதல் வாரம் மூத்தவருக்குக் காலை ஷிப்டு. விடியுமுன் புறப்படும்போது தந்தையாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். இரண்டாம் வாரம் இரவு ஷிப்டு. காலை எட்டு மணிக்குமேல் வந்துதான் கொடுத்தார். பகல் மாத்திரையும் அப்படித்தான். யார் வீட்டிலிருக்கிறாரோ அவர் எழுந்த நேரமே மாத்திரை நேரம். எங்கள் மூவரின் ஷிப்டு அட்டவணையும் தந்தையாரின் தொண்டையில் எழுதப்பட்டிருந்தது.

மருத்துவர் கூறியதை எங்களுக்கு விளங்கிய அளவில் இங்கே தருகிறோம். விழுங்குதல் என்பது நாம் நினைப்பதுபோல் எளிய காரியமன்று. நாக்கு உணவைப் பின்னே தள்ளவேண்டும். மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குவழியை அடைக்கவேண்டும். குரல்வளை உயர்ந்து மூச்சுவழியை மூடிக்கொள்ளவேண்டும். அதே கணத்தில் உணவுக்குழாயின் வாய் திறக்கவேண்டும். இவ்வளவும் ஒரு நொடிப்பொழுதில். நடப்பதற்கும் எழுதுவதற்கும் போலவே இதற்கும் தசைகள் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்க வேண்டும். டோபமின் குறையும்போது கைகால் விறைப்பது போலத் தொண்டைத் தசைகளும் கழுத்துத் தசைகளும் விறைக்கின்றன. சிலருக்கு மருந்தின் வேகம் வடியும் நேரத்தில் தசை முறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆடுசதையில் குரக்குவலி வந்தால் நாம் அலறுகிறோம். அதே பிடிப்பு கழுத்திலும் தொண்டையிலும் வந்தால் குழாய்க் கருவியில் என்ன தெரியும்?

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தந்தையார், மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டோம். "மடைக்காரன் தூங்கிட்டான்" என்றார். மருத்துவருக்கு அது புரியவில்லை. நாங்கள் விளக்கியதும் அவர் சிரித்துவிட்டு, இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது என்றார்.

எச்சில் வழிவது எச்சில் மிகுதியாலன்று, இயல்பாக அடிக்கடி விழுங்குவது குறைந்துபோவதால். குரல் தாழ்வதும் வீம்பினாலன்று. தம் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்னும் கணிப்பே இந்நோயாளிகளிடம் பிசகிவிடுகிறது. அவர்கள் உரக்கப் பேசுவதாகவே மெய்யாக உணர்கிறார்கள். "சத்தமாத்தானே பேசுறேன்" என்று அவர் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை.

இத்துடன் வேறு சில சிறு காரணங்களும் இருந்தன. நடுக்கத்துக்கென்று முன்னரே தரப்பட்டிருந்த டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை, கடைகளில் பேசிட்டேன் என்று கேட்பார்களே, அது வாயையும் தொண்டையையும் வறளச் செய்கிறது. முதியவர்களுக்கு நினைவையும் குழப்பக்கூடியது என்பதால் அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். குறைத்தபின் எச்சில் சற்று அதிகமாயிற்று; ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவதுதான் இந்நோயின் வழக்கம் போலும். மேலும், படுத்தபடியே ஒரு மடக்குத் தண்ணீரில் இரவு மாத்திரையைக் கொடுத்துவந்தோம். அது வழியிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே புண்ணாக்கக்கூடும் என்று அன்றுதான் அறிந்தோம். காலை மாத்திரையைப் பாலுடன் கொடுத்து வந்ததும் தவறு. பால், பருப்பு, முட்டை ஆகியவற்றின் புரதம், லெவோடோபா மருந்து உடலில் சேர்வதைத் தடுத்துப் போட்டியிடுகிறது. உணவுக்கு அரைமணி நேரம் முன்பே அதை வெறும் தண்ணீரில் கொடுப்பது நல்லதாம்.

இவை புதிதாகக் கண்டறிந்த இரகசியங்கள் அல்ல என்பதே எங்களை வெட்கப்படச் செய்தது. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் 1817-ல் எழுதிய சிறு நூலிலேயே, கை நடுக்கத்தோடு நில்லாமல், நோய் முற்றியவர்களுக்குப் பேச்சு குழறுவதையும், விழுங்க இயலாமையையும், வாயில் எச்சில் வழிவதையும் குறித்திருக்கிறார். அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டுதான் எழுதினார். வீதியில் போகிறவரை அவர் பார்த்த அளவுகூட, வீட்டிலிருந்த தந்தையை நாங்கள் பார்க்கவில்லை.

லெவோடோபாவைப் பற்றி மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். அது தந்தையாருக்குப் பெருவியப்பாயிற்று. ஏரிக்கரை வேலியில் படரும் பூனைக்காலியை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அதன் காயின் சுணை மேலே பட்டால் சொறிந்து மாளாது. பள்ளிப் பருவத்தில் அதைப் பிறர் சட்டைக்குள் போட்டு உதை வாங்காத பையன் உண்டோ! அந்தப் பூனைக்காலியின் விதையில் லெவோடோபா இருக்கிறது. தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் சென்னையிலேயே அதை விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அதன் பயன் எவருக்கும் தெரியாது. டோபமின் மூளையில் செய்யும் வேலையை ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தார்; அதற்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், லெவோடோபாவை வாய்வழியே படிப்படியாக உயர்த்திக் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்தார். இதைக் கேட்டுவிட்டு வேலியில் விதை பொறுக்கப் புறப்படவேண்டாம். ஒவ்வொரு விதையிலும் எவ்வளவு மருந்து உள்ளது என்று அளக்க வீட்டில் வழியில்லை. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும்.

வெல்டிங் வேலை செய்யும் மூத்தவருக்கு உள்ளூர ஓர் அச்சம் இருந்தது. அதையும் கேட்டார். மாங்கனீசுத் தூளையும் புகையையும் நெடுங்காலம் சுவாசித்தால் பார்க்கின்சனைப் போன்றதொரு நோய் வருவதுண்டு. ஸ்காட்லாந்தில் ஜான் கூப்பர் என்னும் மருத்துவர் 1837-லேயே, மாங்கனீசுத் தாது அரைக்கும் ஆலைத் தொழிலாளரிடம் கால் தளர்வதையும் குரல் முணுமுணுப்பாகத் தேய்வதையும் கண்டு எழுதினார். புகைபோக்கியும் முகக்கவசமும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதற்கு அது போதிய காரணம். ஆனால் தந்தையார் ஏர் பிடித்தவர். பூச்சிமருந்துகள் சிலவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு பேசப்படுகிறது எனினும், ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு இதனால் வந்தது என்று விரல் நீட்ட இயலாது என்றார் மருத்துவர்.

அன்று பேருந்தில் திரும்பும்போது தந்தையாருக்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் நினைவு வந்தது. யோவான் பவுல் என்று இப்போது எழுதுகிறார்கள். அவருக்கு என்றும் அருள் சின்னப்பர்தான். 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை சென்னை வந்தபோது, எங்கள் ஊரிலிருந்து லாரியேறிச் சென்ற கூட்டத்தில் தந்தையாரும் ஒருவர். முகம் சரியாகத் தெரியாத தொலைவு. ஆனால் ஒலிபெருக்கியில் வந்த அக்குரலின் கம்பீரத்தை அவர் பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். பின்னாளில் திருத்தந்தைக்கும் இதே நோய் கண்டது. 2005 பிப்ரவரி முதல் நாளன்று, காய்ச்சலோடு குரல்வளை அழற்சியும் இறுக்கமும் ஏற்பட்டு மூச்சுத்திணறி, உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 24-ஆம் நாள் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் பொருத்தினார்கள். மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழா. சன்னலருகே வந்து, கூடியிருந்த மக்களை ஆசீர்வதிக்கப் பேச முயன்றார், குரல் வரவில்லை. மூன்று நாள் கழித்து மீண்டும் முயன்றார், அன்றும் இயலவில்லை. மூக்கின் வழியே குழாயிட்டு உணவு செலுத்தப்படுவதாக அன்றே அறிவித்தார்கள். ஏப்ரல் 2-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அந்தச் சன்னல் காட்சியைத் தொலைக்காட்சியில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம், கண்ணீரும் விட்டோம். முதுமை என்றும் களைப்பு என்றும் பேசிக்கொண்டோம். உலகமே பார்க்க ஒருவரின் தொண்டையை அந்நோய் இறுக்கியதை ஒருமுறை கண்டிருந்தும், அதே நோய் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "அவருக்கும் நோவுந்தான இருந்திருக்கும், யாருகிட்ட சொல்லியிருப்பாரு?" என்றார் தந்தையார். பூவிருந்தவல்லி தாண்டும் வரை எங்களில் எவரும் பேசவில்லை.

வீடு வந்தபின் செய்த மாறுதல்கள் பெரியனவல்ல. மாத்திரை கொடுக்கும் பொறுப்பு எங்களிடமிருந்து அம்மாவிடம் போயிற்று. கண் மங்கலானதால் மாத்திரை மாறிவிடும் என்று அதுவரை அவர் அஞ்சியிருந்தார். ஐந்து சிறு எவர்சில்வர் சம்படங்களில் வேளைக்கு ஒன்றாகப் போட்டு வரிசையாக வைத்துவிட்டோம். விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தெருமுனையில் கம்பெனிப் பேருந்து ஒலியெழுப்பும். அதுவே முதல் சம்படத்துக்கு மணி. எங்கள் ஷிப்டு எதுவாயினும் பேருந்து ஒரே நேரத்தில்தான் வருகிறது. இரண்டு வாரத்தில் கோடுகள் பாதியாகக் குறைந்தன.

உணவு முறையையும் மாற்றிக்கொண்டோம். தண்ணீர்தான் எளிதில் இறங்கும் என்று நினைத்திருந்தோம். தொண்டை தளர்ந்தவருக்கு மெல்லிய தண்ணீரே ஆபத்தானது. அது வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் புகுந்துவிடுகிறது. சிலருக்கு இருமல்கூட வராமல் ஓசையின்றி உட்சென்று நுரையீரலில் சளிக்காய்ச்சலாகிறது. இந்நோயாளிகள் பலரைக் கொண்டுபோவது அதுவே. கெட்டியான கேழ்வரகுக் கூழும் குழைந்த சோறும் அவருக்கு எளிதாக இறங்கின. முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கவளமாகக் கொடுத்து, ஒன்று இறங்கியபின் அடுத்தது. உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடுவதில்லை. மோவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கும்படி அவருக்குக் கற்பித்தார்கள். அது எல்லாருக்கும் பொருந்தாது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் அவருக்கு அது தகும் என்றார்கள்.

நற்கருணை வாங்குவதிலும் அவருக்கு ஓர் அச்சம் இருந்திருக்கிறது. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இருமிவிட்டால் அவமரியாதையாகுமே என்று, பல வாரங்கள் திருப்பலியில் பின்வரிசையிலேயே அமர்ந்துவிட்டார். பக்தி குறைந்துவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம் நாங்கள். பங்குத்தந்தையிடம் சொன்னபோது அவர், சிறு துணுக்கு ஒன்றே போதும், அதுவும் இயலாதவர் இரசம் மட்டும் அருந்தலாம், எவ்வடிவிலும் ஆண்டவர் முழுமையாகவே இருக்கிறார் என்றார். அடுத்த ஞாயிறு, கடுகளவு துணுக்கை அவர் நாவில் வைத்துவிட்டு, பின்னால் வரிசை நிற்பதைப் பொருட்படுத்தாமல், விழுங்கும்வரை அருகிலேயே நின்றார்.

குரலுக்கும் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்னும் பார்க்கின்சன் நோயாளியின் பெயரால் 1987 முதல் வளர்ந்த முறை அது. வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம், உரக்கப் பேசு என்பது ஒன்றே பாடம். பதினாறு நாள் விடுப்பு எங்களில் எவருக்குக் கிடைக்கும்? நான்கு நாள் நேரில் சென்றோம். மிச்சத்தைப் பேச்சுப் பயிற்சியாளர் கைப்பேசியில் பார்த்தபடி நடத்தினார். "ஐயா, வாழ்நாளில் நீங்கள் மிக உரக்கக் கூவிய சொல் எது?" என்று அவர் கேட்டார். தந்தையார் சற்று யோசித்து, "மடை தொறந்தாச்சு" என்றார். அன்றிலிருந்து அதுவே அவருக்குப் பாடமாயிற்று.

நோவு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான்; தீரவில்லை. மருந்து வடியும் நேரங்களில் இன்னும் வருகிறது. நோய் வளரும் என்றும், இப்போதைய நேரக்கணக்கும் ஒருநாள் போதாமற்போகும் என்றும் மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவருடைய அறைக்கு வெளியே, தலை ஒருபுறமாகத் திருகிக்கொள்ளும் தையற்காரர் ஒருவரைச் சந்தித்தோம். கழுத்துத் தசைமுறுக்கு நோயாம். அவருக்கும் தொண்டையில் கல் சிக்கினாற் போல் நோவு. அவர் மனைவி அதை மந்திரிக்கக் கூட்டிச் சென்று ஓராண்டு கழிந்த பிறகே மருத்துவமனைக்கு வந்தாராம். தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி, சில மாதங்களுக்கொரு முறை போட்டுக்கொண்டு, இப்போது தையலுக்கு உட்காருகிறார். அந்த மருந்து சற்றே பரவினாலும் விழுங்குவது கடினமாகும் என்பதால், கைதேர்ந்தவரிடம் மட்டுமே போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, மூவருக்கும் ஒருசேர விடுப்புக் கிடைத்தது. தந்தையாரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். ஏரியில் பாதித் தண்ணீர். எதிர்க்கரையில் ஆலையொன்றின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கைத்தடியை ஊன்றி நின்று, பாடத்தைச் சொல்வதுபோல், "மடை தொறந்தாச்சு" என்றார். எங்களுக்குக் கேட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு முறை கூவினார். கரைக்குக் கீழே மாடு ஓட்டிச் சென்றவர் திரும்பிப் பார்த்து, "இன்னா பெரியவரே, என்னியா கூப்ட்டீங்க?" என்று கேட்டார்.

"இல்லப்பா, சும்மா" என்றார் தந்தையார். பிறகு இருமினார்.

திரும்பும் வழியில், "நோவுதாப்பா?" என்று கேட்டோம். கொஞ்சம் என்று தலையசைத்தார். மணி பார்த்தோம். அடுத்த மாத்திரைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.